‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்ல விடாமல் செய்வது எப்படி

மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் பல வருடமாக வேலை பார்க்கும் அக்கா ஒருவர், தன்னோடு வேலை செய்யும் நேபாளப் பையனின் சம்பளச் சீட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நான்காக மடித்து பர்ஸில் வைத்திருந்ததால் மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்துபோயிருந்தது, ஆனால் ‘லெவி’ (வெளிநாட்டு ஆட்களை வேலைக்கு வைக்க அரசாங்கத்துக்குக் கட்டும் வரி) என்று போட்டுப் பிடித்த தொகை மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அவன் பாஸ்போர்ட், கம்பெனி ஆபீஸ் லாக்கரில் இருக்கிறது. ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் வட்டிக்கு வாங்கியது, இன்னும் பாதிகூட அடையவில்லை. அக்கா கேட்டது ஒன்றுதான்: “நாம ஒட்டுற ஸ்டிக்கர்ல பேரு இருக்கே, அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு இதெல்லாம் தெரியுமா தம்பி?”

உடந்தை என்ற குற்றச்சாட்டு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான். 1946-இல் ஹாம்பர்க்கில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் புருனோ டெஷ் என்ற வியாபாரியை விசாரித்தது. அவர் யாரையும் தன் கையால் கொல்லவில்லை, நாஜி முகாம்களுக்கு விஷவாயு சப்ளை செய்தவர். அது எதற்குப் பயன்படுகிறது என்று அவருக்குத் தெரியுமா என்பதே வழக்கின் உயிர்நாடி. தெரியும் என்று முடிவாகி, தூக்கிலிட்டார்கள். இன்றைக்கும் சர்வதேசக் குற்றவியலில் பலரும் வைக்கும் அளவுகோல் இதுதான்: குற்றம் நடப்பது தெரிந்தே, அதற்குக் கணிசமாக உதவினாரா?

2011-இல் ஐ.நா. மனித உரிமைகள் மன்றம் ஏற்றுக்கொண்ட வணிகம், மனித உரிமைகள் குறித்த வழிகாட்டுக் கோட்பாடுகள் இதை இன்னும் விரிக்கின்றன. ஒரு கம்பெனி தானே தீங்கு செய்யலாம், தீங்குக்கு வழிசெய்து கொடுக்கலாம், இல்லையென்றால் தன் சப்ளையர் மூலம் அதோடு நேரடியாகத் தொடர்பில் இருக்கலாம். விலையை அடிமட்டத்துக்கு அழுத்தி, மூன்று வாரத்தில் முடிக்கவேண்டியதை ஒரே வாரத்தில் கேட்டு, அதனால் ஆட்கள் 15 மணி நேரம் நிற்கவேண்டி வந்தால் அது வழிசெய்து கொடுப்பதில் வரும். இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள், கடிதம் எழுதும்போது வேண்டும். ஆனால் இந்தக் கோட்பாடுகள் சட்டமாகக் கட்டுப்படுத்துபவை இல்லை. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றமும் தனிமனிதர்களைத்தான் விசாரிக்கும், கம்பெனிகளை இல்லை. மலேசியா 2019-இல் அதன் சாசனத்தில் சேர்ந்து அடுத்த மாதமே விலகியும்விட்டது. அதனால் நமக்குக் கைகொடுப்பது உள்நாட்டுச் சட்டமும், சரக்கு வாங்கும் நாட்டின் சட்டமும்தான்.

முதல் வேலை, நடப்பது கட்டாய உழைப்பா, வெறும் மோசமான முதலாளியா என்று பிரித்துப் பார்ப்பது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 11 அடையாளங்கள் வைத்திருக்கிறது. நம் பக்கம் அடிக்கடி காதில் விழுபவை: பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது, கடனில் கட்டிப்போடுவது, சம்பளத்தை நிறுத்தி வைப்பது, ‘பெர்மிட்டை ரத்து பண்ணிடுவேன்’ என்ற மிரட்டல், அளவுமீறிய ஓ.டி. தோட்டத்துக் கங்காணி காலக் கதைகளைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை, ஆட்கள் வந்த ஊர்தான் வேறு. அடுத்தவர் பாஸ்போர்ட்டைச் சட்டப்படியான அனுமதியில்லாமல் வைத்திருப்பது 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். லெவியை 2018 முதல் முதலாளிதான் கட்டவேண்டும். ஓ.டி. மாதத்துக்கு 104 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. 2023-இலிருந்து வேலைவாய்ப்புச் சட்டத்திலேயே கட்டாய உழைப்பு தனிக் குற்றம், 1 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 2 வருடம் வரை சிறை.

அடுத்து பதிவு செய்வது, இதில் அவசரப்படாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, நேரம், இடம், யார் சொன்னது, நீங்களே பார்த்ததா, கேட்டதா. இந்தக் கடைசி இரண்டையும் கலக்கவே கூடாது. ‘எல்லாரையும் கொடுமைப்படுத்துகிறார்கள்’ என்ற வரி எங்கேயும் நிற்காது, ‘ஆடிட் வந்த செவ்வாய்க்கிழமை காலை 8 மணிக்கு 40 பேரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்து, மாலை 6 மணிக்குக் கையெழுத்து வாங்கித் திரும்ப எடுத்தார்கள்’ என்ற வரி நிற்கும். சம்பளச் சீட்டைத் தொழிலாளியே தன் போனில் படம் எடுக்கட்டும், மூன்று மாதத்துச் சீட்டாவது வேண்டும். ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்துக்கு ரசீது இருக்காது, அதனால் எவ்வளவு, எந்தத் தேதி, யார் கையில், யாரிடம் கடன் வாங்கியது என்று அவர் வாயால் சொல்வதை அவர் மொழியிலேயே எழுதி வாங்குங்கள். அவர் சம்மதம் இல்லாமல் ஒரு பேரும் வெளியே போகக்கூடாது.

அப்புறம், சரக்கு யாருக்குப் போகிறது என்பதை நிரூபிக்கவேண்டும். இங்கேதான் பேக்கிங்கில், ஸ்டோரில் இருக்கும் நம் ஆட்களின் கண் உதவும். பெட்டி மேல் ஒட்டும் லேபிளில் பிராண்ட் பேர், ஆர்டர் எண், போய்ச் சேரும் துறைமுகம் எல்லாம் இருக்கும். பார்த்ததை வெளியே வந்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கம்பெனி ஃபைலைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், திருட்டுக் கேஸ் உங்கள் மேல் விழும்.

இனிதான் கடிதம். பல பெரிய பிராண்டுகள் சப்ளையர் நடத்தை விதிகளை இணையத்தில் போட்டிருக்கும், புகார் மின்னஞ்சலும் அங்கேயே இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் பலவும் சேர்ந்திருக்கும் கூட்டமைப்பின் விதி, வேலைக்கு எடுக்கும் செலவைத் தொழிலாளி கட்டக்கூடாது என்கிறது. அவர்கள் எழுதிய விதியையே எடுத்து, கீழே நடப்பதைத் தேதியோடு எழுதி, ‘30 நாளில் பதில் தேவை’ என்று முடித்து அனுப்புங்கள். தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலிலும் ஒன்று போகட்டும், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து ‘தெரியாது’ என்று சொல்ல அவர்களுக்கு வழியில்லை.

அதே நேரத்தில் தொழிலாளர் இலாகாவில் புகார், மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாகாமில் ஒரு நகல். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் தெனாகனித்தா மாதிரி அமைப்பைக் கூட வைத்துக்கொள்வது நல்லது. வாங்கும் கம்பெனி பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் (ஓ.இ.சி.டி.) உறுப்பு நாட்டைச் சேர்ந்ததாக இருந்தால், அந்த நாட்டின் தேசியத் தொடர்பு மையத்தில் (கம்பெனிகள் மேல் வரும் இந்த மாதிரிப் புகார்களைக் கேட்க அரசாங்கம் வைத்திருக்கும் அலுவலகம்) இங்கிருந்தே மனு கொடுக்கலாம். வெளிநாட்டு நீதிமன்றம் நமக்கு எட்டாது என்று நினைக்கவேண்டாம்: ஜொகூரில் ஒரு சப்ளையரிடம் வேலை பார்த்த நேபாள, வங்காளதேசத் தொழிலாளர்கள் 24 பேர், வீட்டு உபயோகச் சாதனங்கள் விற்கும் டைசன் கம்பெனி மேல் போட்ட வழக்கை இங்கிலாந்திலேயே நடத்தலாம் என்று லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 டிசம்பரில் சொன்னது. கம்பெனி குற்றச்சாட்டுகளை மறுத்தது.

உங்கள் பாதுகாப்பு முக்கியம். தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் 2010, அமலாக்க அதிகாரிகளிடம் சொன்னால்தான் காக்கும், பேஸ்புக்கில் போட்டால் காக்காது. தெனாகனித்தாவைத் தொடங்கிய ஐரீன் பெர்னாண்டஸ், தடுப்பு முகாம்களில் நடந்ததை அறிக்கையாக வெளியிட்டதற்காக 1996-இல் குற்றம் சாட்டப்பட்டு, 2008-இல்தான் வழக்கிலிருந்து விடுதலையானார். 12 வருடம். அதனால்தான் நோட்டுப் புத்தகத்தைப் பற்றி இவ்வளவு சொன்னேன்.

கடிதம் அனுப்புமுன் தொழிலாளர்களோடு உட்கார்ந்து அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். பெரிய கம்பெனி சிக்கல் வந்தால் ஆர்டரை நிறுத்திவிட்டுக் கழன்றுகொள்ளப் பார்க்கும், வேலையும் பெர்மிட்டும் போய் நடுத்தெருவில் நிற்பது அந்தப் பையன்கள்தான். அழுத்தம் கொடுத்தால் வேறு முடிவும் வரும்: 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை டாப் குளோவ் என்ற மலேசியக் கம்பெனியின் கையுறைகளைத் தடுத்த பிறகு, அந்தக் கம்பெனி சுமார் 150 மில்லியன் ரிங்கிட்டை ஏஜெண்ட் கட்டணமாகத் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது, தடை 2021 செப்டம்பரில் நீங்கியது.

அக்காவின் கடிதத்தில் கடைசிப் பத்தியை அந்த நேபாளப் பையன்களே சொல்லி எழுதவைத்தார்கள்: பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள், ஏஜெண்டுக்குக் கட்டியதைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், ஆர்டரை நிறுத்தாதீர்கள்.