குழந்தையோடு தஞ்சாவூரில் இரண்டு நாள்: முதல்முறை போவோருக்கான திட்டம்

ஆறு முதல் பத்து வயதுக் குழந்தையை மனத்தில் வைத்துப் போட்ட திட்டம் இது. வெயில் எப்போது எங்கே விழும் என்று பார்த்து இடங்களை அடுக்குங்கள். பெரியகோயில், அரண்மனை இரண்டும் போதும். கும்பகோணம், கங்கைகொண்ட சோழபுரம் எல்லாவற்றையும் இதே பயணத்தில் திணித்தால் குழந்தைக்குக் கார் சீட்டுதான் நினைவில் நிற்கும்.

1. நாள் குறித்தல்
ஜனவரி, பிப்ரவரி நல்லது. ஏப்ரல் முதல் ஜூன் வரை வேண்டாம், நவம்பரில் மழை. காலண்டரில் பிரதோஷம் எப்போது என்று பாருங்கள். அன்று மாலை நந்திக்கு அபிஷேகம் நடக்கும்போது கூட்டம் நெரியும், குழந்தைக்கு முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். ராஜராஜன் பிறந்த நட்சத்திரத்தைக் கொண்டாடும் ஐப்பசி சதய விழாவும் அப்படித்தான்.

2. ரயில் டிக்கெட்
சென்னையிலிருந்து என்றால் எழும்பூரில் இரவு கிளம்பும் உழவன் எக்ஸ்பிரஸ் வசதி, விடியற்காலையில் தஞ்சை. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். 5 வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். 5 முதல் 11 வயது வரை படுக்கை வேண்டாமென்றால் பாதிக் கட்டணம், வேண்டுமென்றால் முழுக் கட்டணம். பாதிக் கட்டணத்தில் போட்டுவிட்டு ஒரே பெர்த்தில் இருவர் நெருக்கிப் படுத்தால் மறுநாள் காலையே எல்லோருக்கும் எரிச்சல் வரும். இரவு ரயிலுக்கு முழுக் கட்டணமே போடுங்கள்.

3. அறை
ரயில் நிலையம் அல்லது பழைய பேருந்து நிலையம் பக்கம் எடுங்கள். புதிய பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது; அங்கே தங்கினால் மத்தியான ஓய்வுக்குத் திரும்பவே மனம் வராது. விடியற்காலையில் அறை தருவார்களா என்று முன்பே போனில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

4. முதல் நாள் காலை: அரண்மனை
குளித்து, இட்லி சாப்பிட்டு, பத்து மணி வாக்கில் போங்கள். பெரும்பகுதி கூரைக்குக் கீழே என்பதால் வெயில் தெரியாது. கலைக்கூடம், சரசுவதி மகால் நூலகம் என்று பகுதி பகுதியாக டிக்கெட் வாங்க வேண்டியிருக்கும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாள் ஒவ்வொரு பகுதிக்கும் வேறுபடலாம், முந்தைய நாளே விசாரியுங்கள்.

கலைக்கூடத்தில் எல்லாச் சிலைகளையும் காட்ட முயலாதீர்கள். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர் வெண்கலச் சிலை ஒன்றே போதும். 1011இல் வார்த்தது. சிவன் காளை மேல் கை ஊன்றுவதுபோல், கால் மாற்றி நிற்கிறார். காளை இல்லை, கை மட்டும் காற்றில் நிற்கிறது. குழந்தையை அதேபோல் நிற்கச் சொல்லுங்கள். உடம்பின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பது அப்போது புரியும், வார்த்தவரின் திறமையும் தெரியும். ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள்.

5. மத்தியானம்
சாப்பாடு, தூக்கம். கோயிலும் மத்தியானம் நடை சாத்தியிருக்கும்.

6. மாலை: பெரியகோயில்
நாலரைக்கு மேல் போங்கள். வெறுங்காலில் நடக்க வேண்டும், மத்தியானம் முழுக்கக் காய்ந்த கல் உடனே ஆறாது. பையில் ஒரு ஜோடி பருத்தி சாக்ஸ் இருக்கட்டும். தள்ளுவண்டி வேண்டாம், வாயில்களில் உயர்ந்த படிகள்.

கேரளாந்தகன் வாயிலைத் தாண்டி ராஜராஜன் வாயிலில் நில்லுங்கள். வாயிற்காவலரான துவாரபாலகரின் கால் பக்கம் ஒரு பாம்பு யானையை விழுங்குகிறது. முதலில் யானையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். யானையே இத்தனூண்டு என்றால் பாம்பு எவ்வளவு பெரிது, அந்தக் காவலர் எவ்வளவு பெரியவர், அவர் காக்கும் கோயில் எவ்வளவு பெரியது என்று குழந்தையே அடுக்கிச் சொல்லும். பிறகு நிமிர்ந்து விமானத்தைப் பார்க்கட்டும்: சுமார் 216 அடி. விளக்கு போடும் வரை இருங்கள்.

7. இரண்டாம் நாள் காலை: மறுபடி அதே கோயில்
ஆறரைக்கே போய்விடுங்கள். வெயில் வந்ததும் விமானத்தின் நிழல் மேற்குப் பிராகாரத்தில் நீளமாக விழுந்து கிடக்கும்; தரை குளிர்ந்திருப்பது அங்கேதான். நிழல் தரையில் விழாது என்று பலரும் சொல்லும் கதையைக் குழந்தை தன் காலடியிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். விமானத்தின் உச்சிக்கல் 80 டன் ஒற்றைக்கல் என்பதும் தவறு. பல கற்களை இணைத்துச் செய்தது. 1010இல் ராஜராஜன் முடித்த கோயிலின் பெருமைக்கு இந்தக் கதைகள் தேவையில்லை.

அதிட்டானத்துக் (விமானத்தின் அடித்தளம்) கல்வெட்டில் ட, ப இரண்டு எழுத்துகளையும் தேடச் சொல்லுங்கள். ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் அடையாளம் தெரியும். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது, அதை முன்பே சொல்லிவிடுங்கள். எழுத்தைக் கையால் தடவ விடாதீர்கள். ஒன்பதரைக்கெல்லாம் கிளம்பினால் கால் சுடாது.

8. தலையாட்டிப் பொம்மை
வாங்கும் முன் சமதளத்தில் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். அடிப்பாகம் கனமாகவும் உருண்டையாகவும் இருப்பதால் தானாக நிமிர வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தே நின்றால் வேறு எடுங்கள். நடனப் பொம்மை என்றால் தலை, உடல், பாவாடை எல்லாம் தனித்தனியாகக் கழலும். ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி, பெட்டியில் போடாமல் கைப்பையில் கொண்டுபோங்கள்.