தம்பிக்கு சளின்னு நெனச்சு 11 நாள் வீணாப் போச்சு

செல்லூர்ல எங்க வீடு. தம்பிக்கு காலைல எந்திரிச்சா மூக்கு ஒழுகும், உடம்பு புல்லரிச்சு நிக்கும், வயித்தால வேற போகும், ஆனா சாயங்காலம் வெளிய போய்ட்டு வந்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருப்பான். சளி மாத்திரை, டெங்கு டெஸ்ட்டு, எல்லாம் நார்மல். அம்மா பாண்டி கோயில்ல கயிறு வாங்கி கட்டுனாங்க, அதுல 3 நாள் ஓடுச்சு.

எனக்கு இடிச்சது கொட்டாவிதான். தூங்கி எந்திரிச்சவன் ஏன் நிமிஷத்துக்கு ரெண்டு விடுறான்? கண்மணியும் காலைல அகலமா இருக்கும், சாயங்காலம் ஊசிமுனை. பைக் சீட்டுக்கு அடில பாத்தா டேபென்டடால் அட்டை, ஓபியாய்டு வகை, அதாவது அபின் மாதிரி வேலை செய்யிற வலி மாத்திரை. காலைல போதை எறங்குனதால வந்த தவிப்பத்தான் சளின்னு நெனச்சிருக்கோம்.

ரூம்ல போட்டு பூட்டுனோம், ஜன்னல ஒடச்சுட்டான். ஒரு தனியார் மையத்துல 3 மாசம் விட்ருங்கன்னாய்ங்க, டாக்டர் யாருன்னு கேட்டா பதில் இல்ல, திரும்பிட்டோம். அப்புறம் 14446க்கு அடிச்சேன், போதை மீட்புக்கான இலவச நம்பர், பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு போகச் சொன்னாங்க.

அங்க குடுத்தது நாக்குக்கு அடில வைக்கிற புப்ரினார்ஃபின், அந்த தவிப்ப அடக்குற மாத்திரை. போதை உடம்புல இருக்கும்போதே அத வச்சா இன்னும் மோசமாயிருமாம், அதனால கொட்டாவியும் மூக்கொழுகலும் நல்லா ஆரம்பிச்ச பிறகுதான் முதல் மாத்திரை. நாங்க சளின்னு நெனச்சதையே டாக்டர் உக்காந்து மார்க் போட்டு எண்ணுனாரு. வச்சு ஒரு மணி நேரத்துல தம்பி இட்லி கேட்டான்.

மாசக்கணக்குல ஆகும், டோஸ மெதுவாத்தான் குறைப்பாங்க, கூடவே கவுன்சிலிங். நடுவுல விட்டுட்டு அந்த போதை மாத்திரைய பழைய அளவுலயே போட்டா மூச்சே நின்னுரும்னு ரெண்டு தடவ சொன்னாரு. மாத்திரை டப்பா இப்ப அம்மாகிட்ட, அஞ்சறைப் பெட்டிக்கு பக்கத்துல.