படுவான்கரைக்கு சைக்கிள்ல லோங் ரைட் போறதெண்டா

எங்கட பக்கம் இப்ப லோங் ரைட் போற ஆக்கள் கூடிட்டாங்க, நல்ல விசயம்தான், ஆனா புதுசா வாற ஆக்கள் கேக்கிற முதல் கேள்வி ஒண்டேதான், "அண்ணே முதல் தரம் எத்தின கிலோமீற்றர் போகலாம்?" எண்டு. கிலோமீற்றர விடுங்க மனே. மட்டக்களப்புல ரைட் போறதெண்டா முதல்ல பாக்க வேண்டியது காத்து எங்கால அடிக்கிது, மறுகா, ஏலாமப் போனா எந்தப் பாலத்தால கிறுகி வரலாம், அவ்வளவுதான்.

பாலம் ஏனெண்டா, நம்மட வாவி கிட்டத்தட்ட 56 கிலோமீற்றர் நீளத்துக்கு நீட்டிக் கிடக்கு. கடல் பக்கம் எழுவான்கரை, அங்கால சூரியன் படுற பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில மெயின் றோட்டு, கடை, பஸ், சைக்கிள் கடை எல்லாம் கைக்கெட்டின தூரத்தில. படுவான்கரையில வயலும் குளமும் மாடும்தான், வாகனம் குறைவு, மிதிக்கச் சுகம் எண்டா அங்கதான் சுகம், ஆனா நடுவுல டயர் வெடிச்சா கூப்பிட ஆள் இல்ல. அதனால போறது ஒரு கரை, வாறது மற்றக் கரை எண்டு வளையமாப் போடுங்க.

முதல் வளையம் மண்முனைப் பாலம். டவுனில இருந்து வெள்ளண்ண வெளிக்கிட்டு கல்லடிப் பாலம், காத்தான்குடி, ஆரையம்பதி, அப்பிடியே வலப்பக்கம் திரும்பி மண்முனைப் பாலத்தால ஏறி கொக்கட்டிச்சோலை. 2014 க்கு முதல் அந்த இடத்தில பாலம் இல்ல, பாதையிலதான் ஏத்தி இறக்கினது (பாதை எண்டு நாங்க சொல்றது மிதவைய, வெளியூர்ப் பெடியன் ஒருத்தன் அத றோட்டு எண்டு நினைச்சு தண்ணிக் கரையில வந்து நிண்டு முழிச்ச கதையும் இரிக்கி). தான்தோன்றீஸ்வரர் கோயில் வாசல்ல இறங்கி ஒரு கும்பிடு, பக்கத்தில ஒரு தேத்தண்ணி, மறுகா மகிழடித்தீவு, கன்னங்குடாப் பக்கத்தால வவுணதீவுக்கு வந்து வலையிறவுப் பாலத்தால டவுனுக்குள்ள இறங்கலாம். 40 கிலோமீற்றருக்கு உள்ளதான் வரும், காலைச் சாப்பாட்டுக்கு வீட்ட நிக்கலாம்.

இத மூணு நாலு கிழமை போய் உடம்பு பழகின பிறகு அடுத்தது பட்டிருப்புப் பாலம். களுவாஞ்சிகுடி மட்டும் மெயின் றோட்டால இறங்கி, பாலம் தாண்டி போரதீவு, பழுகாமம், அம்பிளாந்துறைப் பக்கத்தால கொக்கட்டிச்சோலைக்கு ஏறி பழைய வழியால வாறது. இதில உள்ள நன்மை என்னெண்டா பாதி வழியில கால் விட்டுட்டா மண்முனைப் பாலத்தால வெட்டி எழுவான்கரைக்கு வந்து பஸ்ஸ மறிக்கலாம், கண்டக்டர் மனசு வச்சா சைக்கிளையும் ஏத்துவாங்க. மூண்டாவது, எனக்கு எல்லாத்திலயும் பிடிச்சது, வெல்லாவெளி போய் மண்டூர் முருகனக் கும்பிட்டுப் போட்டு குருமன்வெளிக்குப் பாதையில சைக்கிளோட ஏறி வாறது. மிதிச்ச சூட்டோட தண்ணி நடுவில காத்து வாங்கிக்கொண்டு நிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே போகலாம். ஆனா பாதை ஓடுதா எண்டு முதல் நாளே ஆரிட்டயாவது கேட்டுட்டுப் போங்க, மழை காலத்தில முக்கியமா.

இப்ப காத்துக் கதை. இததான் ஒருத்தரும் சொல்லித் தாறதில்ல. வைகாசியில இருந்து ஆவணி மட்டும் கச்சான் அடிக்கும் (கொறிக்கிற கச்சான் இல்ல, காத்து). தென்மேற்கால வாற மழையெல்லாம் மலைநாட்டுக்கு அங்கால கொட்டி முடிச்சிட்டு வெறும் காஞ்ச காத்தா நம்மட பக்கம் இறங்கிறதுதான் அது, அதாலதான் முகத்தில அடுப்பத் திறந்த மாதிரிச் சுடும். காலமை பெரிசாத் தெரியாது, பத்து மணிக்குப் பிறகு பாருங்க, படுவான்கரை வெட்டையில மரம் ஒண்டும் மறைக்காது, மூணு பல்லுக் குறைச்சுப் போட்டாலும் சைக்கிள் நகராது. அதனால கச்சான் காலத்தில தெற்கயும் மேற்கயும் முதல் போங்க, காத்து எழும்ப முதல் தூரத்த முடிச்சிட்டு, திரும்பி வரக்குள்ள முதுகில தள்ள விடுங்க. மார்கழி, தையில வடகிழக்கால வாற வாடைக் காத்துக்கு இது அப்பிடியே தலைகீழ், அப்ப வடக்க, ஏறாவூர், வாழைச்சேனைப் பக்கம் முதல் போய்ப்போட்டு வாறதுதான் சுகம். ஆனா ஐப்பசிக் கடைசியில இருந்து தை நடு மட்டும் நான் படுவான்கரை ரைட்ட பெரிசாச் சொல்ல மாட்டன், பெருமழை வந்தா றோட்டுக்கு மேலால தண்ணி பாயும், அந்தத் தண்ணிக்குள்ள சைக்கிள இறக்கிற வேலைய மட்டும் செஞ்சிராதீங்க, அடியில றோட்டு இரிக்கா இல்லையா எண்டு தெரியாது. மாசி, பங்குனிதான் நல்ல காலம்.

மாசி, பங்குனி எண்டா பெரும்போக வெட்டும் வந்திரும். றோட்டில பாதிக்கு நெல்லுக் காயும். அது அவங்கட ஆறு மாச உழைப்பு, மேலால ஏத்தாதீங்க, கரையால இறங்கி உருட்டிக்கொண்டு போங்க. வைக்கோலும் அப்பிடித்தான், காஞ்ச வைக்கோல்ல பிரேக் பிடிச்சீங்க எண்டா சோப்புல மிதிச்ச மாதிரி. வெட்டு மெசின் முழு றோட்டையும் பிடிச்சிக்கொண்டு வரும், லேண்ட்மாஸ்டர்காரனுக்கு (ரெண்டு சில்லு உழவு மெசின்) பின்னால வாறது கேக்காது, அதனால முந்த முதல் சத்தமாக் கூப்பிடுங்க, பெல்ல நம்பி வேலையில்ல.

சைக்கிள் என்ன சைக்கிள் எண்டாலும் பரவாயில்ல. நான் தொடங்கினது வீட்டில கிடந்த லுமாலாவில. கியர் இரிந்தா காத்துக்கு உதவும், ஏத்தம் எண்டு சொல்ல நம்மட கரையில பாலத்த விட்டா ஒண்டும் இல்லத்தானே. ஆனா சீட்டு உயரம் சரியா இரிக்கணும். பெடல் அடிக்கு வந்து நிக்கக்குள்ள குதிக்கால வச்சுப் பாருங்க, கால் நேரா நீளணும், அப்ப முன்பாதத்தால மிதிக்கக்குள்ள முழங்கால் லேசா மடிஞ்சிருக்கும். நம்மட ஆக்கள் எல்லாம் கால் நிலத்தில முட்டணும் எண்டு சீட்ட இறக்கிப் போட்டு பிறகு முழங்கால் நோவுது எண்டு எண்ணெய் பூசுறாங்க. டயருக்கு எவ்வளவு காத்து எண்டது டயர் பக்கத்திலயே அடிச்சிருக்கும், அந்தக் கூடின அளவுக்கு அடிக்காதீங்க, கொஞ்சம் குறைச்சு விட்டா கிறவல் றோட்டில குலுக்கம் குறையும்.

ஒட்டுச் சாமான் கதை ஒண்டு சொல்றன். ஒருக்கா வெல்லாவெளிக்கு அங்கால நெருஞ்சி முள்ளு ஏறி காத்துப் போயிட்டு. பெரிய கெட்டிக்காரன் மாதிரி பேக்கத் திறந்து டியூப்பக் கழட்டி, ஓட்டையக் கண்டுபிடிச்சு, அரத்தால தேச்சு எல்லாம் செஞ்சு போட்டு ஒட்டுற சொலூஷன அமத்தினா ஒண்டும் வரல்ல. ஆறு மாசத்துக்கு முதல் உடைச்ச சொலூஷன் டியூப், உள்ளுக்க முழுக்கக் காஞ்சு போய்க் கிடக்கு. நல்ல வெயில்ல சைக்கிளத் தள்ளிக்கொண்டு நடந்தன், வாடியில இருந்த ஐயா ஒருத்தர் பாத்துப்போட்டு, "என்ன மனே, இண்டைக்கி பஸ் ஓடல்லியா?" எண்டு கேட்டார், நான் சும்மா ஓடத்தான் வந்த எண்டு சொன்னதும் அவர் என்னப் பாத்த பார்வை இருக்கே. ஆனா தண்ணியும் தந்து, பேரனக் கூப்பிட்டு கடை மட்டும் டபுள் ஏத்தியும் விட்டார். அதனால ஒட்டுப் பெட்டி கிடக்கட்டும், முழு டியூப் ஒண்டு கட்டாயம் கொண்டு போங்க, டயர் கழட்டுற லீவர் ரெண்டு, சின்னப் பம்ப், அலன் கீ. டயருக்கு உள்ளால விரல விட்டுத் தடவி முள்ள எடுக்காம புது டியூப் போட்டா அதுவும் அஞ்சு நிமிசத்தில போயிரும்.

தண்ணி எண்டா மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்குக் குறையாமக் குடிக்கணும், கச்சான் காலத்தில அதுக்கும் மேல. தாகம் வந்த பிறகு குடிக்கிறது சுணங்கின வேலை. ரெண்டு மணித்தியாலம் தாண்டினா வெறும் தண்ணி காணாது, ஜீவனிப் பக்கற் (உப்புச் சீனிக் கரைசல் தூள்) ஒண்டு கரைச்சுக்கொண்டு போங்க, இல்லாட்டி ஒரு லீற்றர் தண்ணிக்கு மட்டமா 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. சாப்பாட்டுக்கு வாழைப்பழம்தான் ராசா, ஒரு மணித்தியாலத்துக்கு ஒண்டு ரெண்டு. வழியில தயிர் முட்டியக் கண்டா கை துடிக்கும், தெரியும், ஆனா எருமைத் தயிரக் குடிச்சிட்டு வெயில்ல 30 கிலோமீற்றர் மிதிச்சுப் பாத்தவன் சொல்றன், வீட்ட கொண்டு போய்ச் சாப்பிடுங்க. இளநி எண்டா எங்க கண்டாலும் நிப்பாட்டலாம்.

வேகத்துக்கு ஒரு கணக்குத்தான், பக்கத்தில வாறவரோட முழு வசனம் கதைச்சுக்கொண்டு மிதிக்க ஏலுமா? ஏலாட்டி குறைங்க.

யானை. இது பகிடி இல்ல. படுவான்கரையில தாந்தாமலை, கொலனிப் பக்கம் எல்லாம் பின்னேரம் யானை இறங்கும். அம்பாறை எண்டா இங்கினியாகலப் பக்கம், பொத்துவில்ல இருந்து லகுகல போற றோட்டு, பாணம றோட்டு எல்லாம் அதே கதைதான். இந்த றோட்டுகள்ல நல்லா விடிஞ்ச பிறகு ஏறுங்க, பின்னேரம் நாலரைக்கு முதல் வெளிய வந்திருங்க. றோட்டில கண்டா தூரத்திலயே நிண்டு சத்தம் போடாமக் கிறுகிப் போங்க, அல்லது பஸ்ஸோ லொறியோ வரும் மட்டும் நில்லுங்க. போட்டோ எடுக்கக் கிட்டப் போற ஆக்கள் என்னோட வர வேணாம்.

100 தாண்டணும் எண்டு ஆசை வந்தா பொத்துவில். ஏ4 றோட்டு கொழும்பில இருந்து எண்ணி மட்டக்களப்புல 430 சொச்சத்தில முடியுது, அதனால நீங்க தெற்க போகப் போக கிலோமீற்றர் கல்லு குறைஞ்சுகொண்டு போகும், களைச்ச நேரம் அது ஒரு ஆறுதல். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எல்லாம் ஒட்டி ஒட்டி ஊர், ஆட்டோவும் பஸ்ஸும் கரைக்குத் தள்ளும், ஏழு மணிக்கு முதல் கல்முனையத் தாண்டப் பாருங்க. வெள்ளிக்கிழமை எண்டா ஜும்மா நேரம் இந்த ஊர்களுக்குள்ள மாட்டுப்படாமக் கணக்குப் போடுங்க. திருக்கோவில்ல ரெண்டு போத்தலையும் நிரப்புங்க, அதுக்குப் பிறகு கோமாரிப் பக்கம் கடை ஐதாகும். போய்ப்போட்டு அண்டைக்கே திரும்பினா 200 தாண்டும், உலகம் முழுக்க நடக்கிற பிரவே ரைட்டுகள்ல (குறிச்ச நேரத்துக்குள்ள தூரத்த முடிக்கிற ரைட்) 200 கிலோமீற்றருக்குத் தாற நேரம் 13 மணித்தியாலம் 30 நிமிசம், அத வச்சு உங்களப் பாத்துக்கொள்ளலாம். முதல் தரம் எண்டா அறுகம்பேயில ஒரு நாள் படுத்தெழும்பி வாங்க. ஏதும் நடந்தா 1990 க்கு அடிங்க, அம்புலன்ஸ் காசில்லாம வரும்.

வீட்ட வந்து நீங்க குளிக்க முதல் சைக்கிளக் குளிப்பாட்டுங்க. கடல் காத்து உப்பு ஒரே கிழமையில செயின கறள் பிடிக்க வச்சிரும். நல்ல தண்ணியால கழுவி, துணியால துடைச்சு, காஞ்ச பிறகு ஒவ்வொரு கண்ணியா ஒயில் விடுங்க, மிச்சத்தத் துடைச்செடுங்க, மோட்டர் சைக்கிள்ல இருந்து வடிச்ச பழைய ஒயில ஊத்தாதீங்க, மணல் ஒட்டி செயின அரைச்சுத் தள்ளிரும்.