இருக்கைக்குப் பின்னால் எஞ்சின்: டிரைவ்ஷாஃப்ட்டை அளந்து பொருத்துவது எப்படி?

சொந்தமாக நடு எஞ்சின் கார் கட்டுபவர்கள் பலரும் ஒரே வழியைத்தான் பிடிக்கிறார்கள். முன்சக்கர இயக்கக் கார் ஒன்றின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துக் கழற்றி, இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்காக வைத்துவிடுவார்கள். ஃபியட் 128இன் எஞ்சின் 1972இல் எக்ஸ் 1/9 காருக்குள் போனது இப்படித்தான். 1984இல் வந்த டொயோட்டா எம்ஆர்2வும் இதே யோசனையில் பிறந்ததுதான். எஞ்சினை இறக்கி வைத்ததும் பாதி வேலை முடிந்ததாகத் தோன்றும். கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள இரண்டு தண்டுகள், அதாவது டிரைவ்ஷாஃப்ட்கள், அந்த நினைப்பைக் கலைத்துவிடும்.

ஒவ்வொரு தண்டிலும் இரண்டு சி.வி. ஜாயின்ட்கள் உண்டு; கோணம் மாறினாலும் ஒரே சீரான வேகத்தில் சுழற்சியைக் கடத்தும் மூட்டுகள் இவை. சக்கரத்தின் பக்கம் இருப்பது பெரும்பாலும் ஆறு குண்டுகள் கொண்ட ர்செப்பா வகை. அது 45 டிகிரிக்கும் மேல் வளையும், ஆனால் நீளவோ சுருங்கவோ செய்யாது. கியர்பாக்ஸ் பக்கம் இருப்பது பல கார்களில் மூன்று உருளைகள் கொண்ட டிரைபாட். இது கிண்ணத்துக்குள் முன்னும் பின்னும் சறுக்கும். ஆனால் 20 டிகிரிக்குச் சற்று மேல் போனாலே திணறும். பின்சக்கரத்துக்கு ஸ்டீயரிங் இல்லை என்பதால் வெளி ஜாயின்ட்டுக்கு இங்கே சுகவாழ்வு. நம் கவலையெல்லாம் உள் ஜாயின்ட்டைப் பற்றித்தான்.

படி 1: கோணம். வண்டியை அதன் நிற்கும் உயரத்தில் வைத்து, இரண்டு ஜாயின்ட்களின் மையங்களுக்கும் இடையே மூன்று அளவுகள் எடுங்கள்: பக்கவாட்டுத் தூரம், உயர வேறுபாடு, முன்பின் வேறுபாடு. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பக்கவாட்டில் 400 மி.மீ., உயரத்தில் 20 மி.மீ. என்றால் பின்னாலிருந்து பார்ப்பவருக்கு 3 டிகிரிதான் தெரியும். சக்கர மையம் 30 மி.மீ. பின்தள்ளியும் இருந்தால் உண்மைக் கோணம் 5 டிகிரிக்கு மேல். அதே சக்கரம் இன்னும் 80 மி.மீ. கீழே தொங்கினால் ஏறத்தாழ 15 டிகிரி. நிற்கும் நிலையில் 5 டிகிரிக்குள் அடக்கப் பாருங்கள். அதற்கு மேல் போனால் எஞ்சின் மவுன்ட்டை வெட்டி நகர்த்துங்கள். தண்டு செய்யக் கொடுத்த பிறகு நகர்த்துவதைவிட இப்போது வெட்டுவது மலிவு.

படி 2: நீளம். இதில் அவசரமே கூடாது. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் இரண்டையும் கழற்றுங்கள். ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் இரண்டு குழாய்களால் ஒரு போலித் தண்டு செய்து, இரு ஜாயின்ட் மையங்களுக்கும் இடையே மாட்டுங்கள். சக்கரத்தை ஜாக்கியால் அடிமட்டத்திலிருந்து உச்சிவரை 10 மி.மீ. 10 மி.மீ. ஆகத் தூக்கி, ஒவ்வொரு நிலையிலும் நீளத்தைக் குறியுங்கள்.

என் முதல் வண்டியில் இரு முனைகளை மட்டும் அளந்துவிட்டுத் தண்டு செய்யக் கொடுத்தேன். சஸ்பென்ஷன் கை ஒரு வில்லில் சுழல்கிறது, தண்டு வேறொரு வில்லில் சுழல்கிறது. அதனால் மிகக் குறைந்த நீளமோ மிக அதிக நீளமோ நடுவில் எங்காவது ஒளிந்திருக்கலாம். என் வண்டியில் ஒளிந்திருந்தது குறைந்த நீளம். சின்ன மேட்டில் ஏறும்போதெல்லாம் தண்டு கிண்ணத்தின் அடியில் இடித்து, அந்த அடியை டிஃபரென்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) பேரிங் வாங்கிக்கொண்டது. அந்தச் செலவை நான் இங்கே எழுதப் போவதில்லை.

மிகக் குறைந்த நீளத்தில் ஜாயின்ட்டின் அடிக்கு முன் 5 மி.மீ.க்குக் குறையாமல் இடம் விடுங்கள். மிக அதிக நீளத்தில் உருளைகள் கிண்ணத்தின் வாய்க்கு 5 மி.மீ.யாவது உள்ளே இருக்க வேண்டும். ரப்பர் மவுன்ட்டில் எஞ்சின் அசையும் என்பதால் இதைக் குறைந்தபட்சமாகக் கொள்ளுங்கள். இடம் போதாவிட்டால் சக்கரம் தொங்கும் அளவைப் பட்டை போட்டுக் கட்டுப்படுத்தலாம். இடது, வலது இரண்டையும் தனித்தனியே அளங்கள். கியர்பாக்ஸ் நடுவில் இல்லாததால் இரண்டும் ஒன்றாக வராது.

படி 3: தண்டு. உள் ஜாயின்ட் ஒரு காரிலிருந்தும் வெளி ஜாயின்ட் வேறொரு காரிலிருந்தும் வந்தால், இரு முனைகளிலும் ஸ்ப்லைன் (ஜாயின்ட்டுக்குள் பொருந்தும் நீளவாட்டுப் பற்கள்) வேறாக இருக்கும். பற்களை எண்ணிச் சொன்னால் போதாது, ஜாயின்ட்களையே பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். இஎன்24 என்ற உறுதியான கலப்பு எஃகில் கடைந்து, வெப்பப் பதப்படுத்தித் தரச் சொல்லுங்கள். பழைய தண்டை வெட்டி நடுவில் ஒட்டவைப்பதை அளவு பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெல்டிங்கின் சூடு பதத்தைக் கெடுத்துவிடும், வெடிப்பும் அதன் ஓரத்தில்தான் தொடங்கும்.

ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கியர்பாக்ஸைத் திருப்பிப் போட்டு நடு எஞ்சின் கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே இருக்கும் கிரவுன் வீலை (டிஃபரென்ஷியலைச் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) மறுபக்கம் மாற்றாவிட்டால் வண்டிக்கு நான்கு ரிவர்ஸ் கியரும் ஒரு முன் கியரும் கிடைக்கும். குறுக்கு எஞ்சினைத் திசை மாற்றாமல் பின்னால் நகர்த்தினால் இந்தத் தொல்லை இல்லை.

படி 4: பொருத்துதல். குண்டு ஜாயின்ட்டுக்கு மாலிப்டினம் கலந்த கிரீஸ். டிரைபாட்டுக்கு அதற்கென்று வரும் கிரீஸ். இரண்டையும் கலக்காதீர்கள். ஜாயின்ட் கழன்றுவிடாமல் பிடிக்கும் வளையமான சர்க்ளிப் புதிதாகவே இருக்கட்டும். ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறையை (பூட்) மாட்டியதும் ஓரத்தைத் தூக்கி உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றிவிட்டுக் கிளிப்பை இறுக்குங்கள். சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் நட்டைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். வெளி ஜாயின்ட் இல்லாத ஹப்பில் வண்டியின் பாரத்தை இறக்கினால் பேரிங் கெட்டுப்போகும்.

ஸ்பிரிங் போடுவதற்கு முன், சக்கரத்தைக் கையால் சுற்றியபடியே மேலும் கீழும் ஒருமுறை முழுதாகக் கொண்டுபோங்கள். எங்கும் பிடிக்கக் கூடாது. சைலன்சர் குழாய் ரப்பர் உறைக்குப் பக்கத்தில் போகிறதா என்றும் பாருங்கள். முன் எஞ்சின் காரில் அந்த ரப்பருக்கு இவ்வளவு சூடு பழக்கமில்லை. நடுவே ஒரு தகட்டுத் தடுப்பு வைத்துவிடுங்கள்.

படி 5: ஓட்டம். ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போது எஞ்சினை முறுக்கிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள், அது மிக மோசமான கோணம். சாலையில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் வண்டி உதறினால் முதலில் உள் டிரைபாட்டைச் சந்தேகியுங்கள். 100 கி.மீ. ஓடியதும் போல்ட், கிளிப் எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள். சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் தெறித்த கோடு தெரிந்தால் ரப்பர் உறையை அன்றே கவனியுங்கள். மணல் புகுந்த ஜாயின்ட்டைக் கழுவிப் பிழைக்கவைத்த எவரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.