நந்தம்பாக்கத்தில் மாநாடு: கிடைக்கும் மாலைக்கும் மறுநாளுக்கும் ஒரு வழிகாட்டி

சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடக்கும் மாநாட்டுக்கோ கண்காட்சிக்கோ வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஓரிரு மாலைப் பொழுதுகளும், அமர்வுகள் முடிந்த பின் ஒன்றிரண்டு நாள்களும்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் மாமல்லபுரம், காஞ்சிபுரம், மயிலாப்பூர், கடற்கரை என்று அனைத்தையும் அடைத்துக்கொண்டு, எதையும் நின்று பார்க்காமல் ஊர் திரும்பியவர்கள் பலரை நான் அறிவேன். பல ஆண்டுகளாக இப்படி வரும் நண்பர்களை அழைத்துச் செல்பவன் என்ற முறையில் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: ஒரு நாளுக்கு ஒரு திசை போதும், அந்தத் திசையிலும் எது எப்போது திறந்திருக்கும், வெயில் எப்போது ஏறும் என்பதைப் பார்த்த பிறகே வண்டியை ஏற்பாடு செய்யுங்கள்.

முதலில் போக்குவரத்து. வர்த்தக மையத்திலிருந்து ஆட்டோவிலோ வாடகை காரிலோ சிறிது தூரம் சென்றால் ஆலந்தூர் மெட்ரோ நிலையத்தை அடையலாம். நீல வழித்தடமும் பச்சை வழித்தடமும் சந்திக்கும் நிலையம் அது என்பதால் நகரின் பெரும்பகுதிக்கு அங்கிருந்தே போய்விடலாம். மாலையில் கத்திப்பாரா சந்திப்பிலும் அண்ணா சாலையிலும் காருக்குள் அமர்ந்து கழியும் நேரத்தை நினைத்தால், நகருக்குள் செல்வதற்கு மெட்ரோவையே நான் சொல்வேன். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணச்சீட்டுக் கட்டணம் இல்லை என்பதையும் வெளியூரிலிருந்து வரும் பெண்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அரை நாள் கிடைத்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். ஆலந்தூரில் பச்சை வழித்தட வண்டியில் ஏறினால் மாறாமல் எழும்பூரில் இறங்கலாம். அங்கிருந்து பாந்தியன் சாலைக்கு நடக்கும் தூரம்தான். 1851-இல் தொடங்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தின் எல்லாக் கூடங்களையும் ஒரே மூச்சில் பார்க்க முயல வேண்டாம். அமராவதிச் சிற்பங்களையும் வெண்கலச் சிலைக் கூடத்தையும் மட்டும் பாருங்கள். திருவாலங்காட்டு நடராசர் முன் கால் மணி நேரமாவது நில்லுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறக்க வேண்டாம்.

மாலை மட்டும்தான் கிடைக்கும் என்றால் மெரினா. மாநாட்டுக்கு வந்தவர்கள் அங்கே கட்டாயம் பார்க்க வேண்டியவை காமராசர் சாலை ஓரத்துச் சிலைகள். 1968-இல் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி திருவள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி. ஆகியோருக்கும், கடல் கடந்து வந்து தமிழுக்கு உழைத்த வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யு. போப் ஆகியோருக்கும் சிலைகள் எழுப்பப்பட்டன. ஒரு மாநாடு ஒரு நகரத்துக்கு இப்படி ஒன்றை விட்டுச் செல்ல முடியும் என்பதை மற்றொரு மாநாட்டுக்கு வந்தவர்கள் பார்ப்பது பொருத்தமானது என்று எனக்குத் தோன்றும். வெயில் தாழ்ந்த பிறகு நீல வழித்தடத்தின் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி வாலாஜா சாலை வழியே நடந்தால் கடற்கரை வந்துவிடும்.

முழு நாள் ஒன்றே ஒன்றுதான் உண்டு என்றால் என் தேர்வு மாமல்லபுரம். நந்தம்பாக்கத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு. தாம்பரத்திலிருந்து பேருந்தும் உண்டு, திருவான்மியூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரிலும் செல்லலாம். ஆறு மணிக்கே புறப்பட்டுவிடுங்கள். அருச்சுனன் தவம் என்றும் கங்கை இறங்கிய காட்சி என்றும் இருவிதமாகச் சொல்லப்படும் பெரும் பாறைச் சிற்பம் கிழக்கு நோக்கியது. காலை வெயில் நேராக அதன் மீது விழும்போதுதான் உருவங்கள் பாறையிலிருந்து பிரிந்து தெரிகின்றன. நண்பகலில் வந்தால் எல்லாம் தட்டையாகிவிடும்.

அந்தப் பாறையின் முன் நின்றதும் கண் தானாகவே பெரிய யானைகளிடம் போகும். அவற்றைப் பார்த்த பிறகு யானையின் தந்தத்துக்கு அருகே கீழே பாருங்கள்: பூனை ஒன்று ஒற்றைக் காலில் நின்று, முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. அதை நம்பிய எலிகள் அதன் காலடியில் கூடியிருக்கின்றன. மேலே எலும்பு தெரிய நிற்கும் தவசியின் அதே நிலை இது. இன்னொரு இடத்தில் மான் ஒன்று பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. அடுத்துள்ள கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது. என்னுடன் வந்த கிராமத்து நண்பர் ஒருவர் அந்தப் பசுவின் முன் வெகுநேரம் நின்றார். வழிகாட்டியின் விளக்கம் கேட்காமலே அவருக்குப் பல்லவர் காலம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அங்கிருந்து ஐந்து ரதங்கள், பிறகு கடற்கரைக் கோயில். இரண்டுக்கும் ஒரே நுழைவுச் சீட்டுதான் என்பதால் முதலில் வாங்கியதைப் பத்திரமாக வைத்திருங்கள். ரதங்கள் ஒவ்வொன்றும் ஒரே பாறையில் மேலிருந்து கீழாகக் குடையப்பட்டவை. கடற்கரைக் கோயிலோ கற்களை அடுக்கிக் கட்டியது. பாறையைக் குடைவதிலிருந்து கல்லை அடுக்கிக் கட்டுவதற்குப் பல்லவர்கள் நகர்ந்த கதையை ஒரே ஊரில், அரை நாளில் பார்த்துவிட முடிகிறது என்பதற்காகவே நான் இந்த ஊரை முதலில் வைக்கிறேன். பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும். அப்போது சாப்பிட்டு இளைப்பாறிவிட்டு, திரும்பும் வழியில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவுக்குச் செல்லலாம்; தென் மாநிலங்களின் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து எழுப்பியிருக்கிறார்கள், செட்டிநாட்டு வீட்டு முற்றத்தின் குளுமை பிற்பகலுக்கு ஏற்றது. செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை.

இரண்டாவது நாளும் கிடைத்தவர்கள் காஞ்சிபுரம் செல்லலாம். இங்கேதான் நேரக் கணக்கு மிகவும் முக்கியம். சில ஆண்டுகளுக்கு முன் மலேசியாவிலிருந்து வந்த இருவரை அழைத்துக்கொண்டு, வழியில் காலைச் சிற்றுண்டிக்கு நேரத்தைக் கழித்துவிட்டு, பன்னிரண்டே காலுக்கு வரதராசப் பெருமாள் கோயில் வாசலில் போய் நின்றேன். நடை சாத்தியிருந்தது. நான்கு மணிக்குத்தான் திறக்கும் என்றார்கள். அவர்களுக்கு இரவு விமானம். அந்த இருவரும் முகம் கோணவில்லை என்றாலும், அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அன்றிலிருந்து காஞ்சிபுரத்துக்கு எட்டு மணிக்குள் போய்ச் சேராத பயணத்துக்கு நான் ஒப்புக்கொள்வதில்லை.

முதலில் கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்தது. காலையில் கூட்டம் இருக்காது. மணற்கல் என்பதால் காற்றும் மழையும் அரித்த இடங்கள் நிறைய உண்டு. திருச்சுற்றின் மதிலை ஒட்டி வரிசையாக 58 சிற்றாலயங்கள் இருக்கின்றன. அவற்றுள் குனிந்து பார்த்தால் சிலவற்றில் பல்லவர் கால ஓவியத்தின் மிச்சம், ஒரு கண்ணாகவோ ஒரு தோளாகவோ, செம்மண் நிறத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து கை வைத்துத் தடவ வேண்டாம். அடுத்து வைகுந்தப் பெருமாள் கோயில். பல்லவ மரபின் வரலாற்றைச் சுற்றுச் சுவரில் தொடர்ச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். பதினொரு மணிக்குள் வரதராசப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டால் தரிசனத்துக்குப் பிறகு நூற்றுக்கால் மண்டபத்தில் கல் சங்கிலியையும் பார்க்க நேரமிருக்கும். அத்திவரதர் தரிசனத்தை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2019-இல் எழுந்தருளியவர் மீண்டும் 2059-இல்தான் எழுந்தருள்வார்.

நடை சாத்தியிருக்கும் நான்கு மணி நேரத்தைப் பட்டுக்கு ஒதுக்குங்கள். கடைக்குப் போகும் முன் பிள்ளையார்பாளையம் பகுதியில் தெரிந்தவர்கள் மூலமாக ஒரு தறியைப் பார்த்துவிடுவது நல்லது. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக உள்ள கோர்வைச் சேலையில், இரண்டையும் ஒவ்வோர் இழையிலும் கோத்து நெய்ய, ஊடு நூலைக் கொண்டு செல்லும் நாடாக்கள் மூன்று ஓட வேண்டும். அதைக் கண்ணால் பார்த்தவர் விலையைக் குறைத்துக் கேட்கத் தயங்குவார். நல்ல சரிகை என்பது சிவப்புப் பட்டு இழையின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. சரிகையை லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரிய வேண்டும். இந்த வேறுபாடு கண்ணுக்குப் பழகும் வரை கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையங்களில் வாங்குவதே பாதுகாப்பு. நான்கு மணிக்கு ஏகாம்பரநாதர் கோயிலைப் பார்த்துவிட்டுப் புறப்படலாம். மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மந்தாரை இலை வைத்த குடலையில் வேகவைக்கும் காஞ்சிபுரம் இட்லியை எங்காவது சாப்பிடாமல் வந்துவிடாதீர்கள்.

மாநாடு எந்த மாதத்தில் வருகிறது என்பதைப் பொறுத்துச் சில மாற்றங்கள் செய்துகொள்ளலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் வேடந்தாங்கல் பறவைகளுக்கு ஒரு நாள் கொடுக்கலாம். விடியலிலோ மாலையிலோ போனால்தான் பயன். மார்கழியில் வருகிறவர்கள் மாலைகளைச் சபாக் கச்சேரிகளுக்கு வைத்துக்கொள்ளட்டும். மே மாதத்தில் மேற்சொன்ன எதையும் பத்து மணிக்கு மேல் செய்ய வேண்டாம்.

கடைசி நாளில் மாலை விமானம் என்றால் தூரப் பயணம் வைத்துக்கொள்ளாமல் பரங்கிமலைக்குச் செல்லுங்கள். வர்த்தக மையத்துக்கு அருகிலேயே உள்ள இந்தக் குன்றின் மேல் 1523-இல் போர்த்துகீசியர் கட்டிய தேவாலயம் இருக்கிறது. உள்ளே பகலவி என்ற பழைய பாரசீக எழுத்துப் பொறித்த கற்சிலுவை உண்டு. படியேறியும் போகலாம், கார் செல்லும் சாலையும் இருக்கிறது. இந்தியாவை அளந்து வரைபடமாக்கிய மாபெரும் முக்கோண நிலஅளவை 1802-இல் இந்தக் குன்றை ஒட்டிய அடிக்கோட்டிலிருந்துதான் தொடங்கியது. அதை நடத்திய லாம்டனின் மார்பளவுச் சிலை மேலே நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்குவதும் ஏறுவதும் தெரியும். பெட்டிகளை விடுதியிலேயே ஒப்படைத்துவிட்டு நான்கு மணியளவில் மேலே ஏறி, ஐந்தரைக்குள் இறங்கிவிட்டால், எட்டரை மணி உள்நாட்டு விமானத்தை அவசரமில்லாமல் பிடிக்கலாம்.