ஷாக் மிஷின் ஊருக்கு வந்த பிறகு செய்யக்கூடாதவை

தொண்டி தொடங்கி மூக்கையூர் வரை, கரையோர ஊர்களில் முதலுதவிப் பயிற்சி கொடுத்து வருகிறேன். ஏலக்கூடம், சங்க அலுவலகம், திருமண மண்டபம் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏ.இ.டி. கருவிகள் வரத் தொடங்கியிருக்கின்றன. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மின்சார ஷாக் கொடுத்துச் சீராக்கப் பார்க்கும் கருவி இது. கரையில் அதற்குப் பெயர் ஷாக் மிஷின். புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் முன்பு இருந்தவர்கள் செய்த தவறுகளையே திரும்பச் செய்வதைப் பார்க்கிறேன். பிள்ளைகள் கைக்கு எட்டவிடாதீர்கள் என்பது போன்ற, யாரும் சொல்லாமலே தெரிந்த விஷயங்களை விட்டுவிடுகிறேன்.

இதயம் தாறுமாறாகத் துடித்துச் செயலிழந்துவிட்டால், நெஞ்சை அழுத்தாமலும் ஷாக் கொடுக்காமலும் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. அரிச்சல்முனையிலிருந்து ராமேஸ்வரம் வரவே சுமார் 20 கிலோமீட்டர். ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் முதல் நிமிடங்கள் பக்கத்தில் நிற்பவர் கையில்தான். கருவி ஊரில் இருந்தால் மட்டும் போதாது, வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும்.

கொடுத்தவர் பெயரில் பதிவு செய்வது

இன்றுவரை எனக்கு ஆத்திரம் வரவழைக்கும் தவறு இது.

கருவி வந்து இறங்கும் நாளில் விழா நடக்கும். சால்வை, போட்டோ, சுவரில் பெயர்ப்பலகை. பெட்டிக்குள் இருக்கும் பதிவுப் படிவத்தை விற்க வந்தவரோ நன்கொடையாளரின் ஆளோ நின்றபடியே நிரப்பிவிடுவார். முகவரி சென்னை, போன் நம்பரும் அவருடையது. கருவியில் கோளாறு கண்டுபிடித்து நிறுவனம் திரும்பப் பெறும்போது அறிவிப்பு அந்த நம்பருக்குத்தான் போகும். பேட் (ஷாக் கொடுக்க நெஞ்சில் ஒட்டும் பட்டை) காலாவதியாகப் போகிறது, பேட்டரி மாற்ற வேண்டும் என்ற நினைவூட்டலும் அப்படியே. அங்கே அதைப் படிக்கிறவருக்கு இந்த ஊரே மறந்திருக்கும்.

ஓர் ஏலக்கூடத்தில் பயிற்சிக்குப் போனபோது கண்ணாடிப் பெட்டிக்குள் கருவி பளபளவென்று இருந்தது. எடுத்துப் பார்த்தால் பின்பக்கம் பேட்டரிக் குழி காலி. கணக்குப் பார்க்கும் தம்பியிடம் கேட்டேன். "அது ராத்திரி பகலா கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டே கெடந்துச்சுண்ணே. ஏலச் சத்தத்துல ஒண்ணும் கேக்க முடியல. அதான் கழட்டி வெச்சுட்டோம்" என்று மேசை டிராயரைத் திறந்து காட்டினார். ரசீதுப் புத்தகங்களுக்கு நடுவே பேட்டரி கிடந்தது. தன் பேட்டரி தீரப்போகிறது என்று அந்தக் கருவி நாள்கணக்காக எச்சரித்திருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் என்னவென்று அங்கே ஒருவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. பெயர்ப்பலகை வைக்க நேரம் ஒதுக்கியவர்கள், அங்கே தினமும் நிற்கிற ஒருவரின் நம்பரை எழுதிக்கொள்ள இரண்டு நிமிடம் ஒதுக்கியிருக்கலாம்.

பேட் உறையைத் திருப்பிப் பார்த்தேன். அதில் இரண்டு தேதிகள் இருக்கும். தொழிற்சாலைப் படத்துக்குப் பக்கத்தில் இருப்பது தயாரித்த தேதி. மணற்கடிகாரப் படத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் கடைசித் தேதி. அங்கே இரண்டாவது தேதி எப்போதோ தாண்டியிருந்தது. உள்ளே இருக்கும் பசை காய்ந்துவிட்டால் பேட் நெஞ்சில் சரியாக ஒட்டாது, மின்சாரமும் சரியாகப் பாயாது.

எனவே கருவி வந்த அன்றே படிவத்தில் உள்ளூர்க்காரர் இருவரின் நம்பரை எழுதுங்கள். இரண்டு பேருமே கடலுக்குப் போகிறவர்களாக இருக்கக்கூடாது, கரையை விட்டுச் சற்றுத் தள்ளிப் போனாலே டவர் கிடைக்காது. மகளிர் குழுவில் ஒருவர், ஐஸ் கம்பெனியில் ஒருவர் என்று கரையிலேயே இருப்பவர்களாகப் பாருங்கள். சங்க நிர்வாகம் மாறும்போது சாவியும் கணக்கும் கைமாறுகிற மாதிரி கருவியும் மினிட் புத்தகத்தில் எழுதிக் கைமாற வேண்டும். நிறுவனத்திடம் உள்ள நம்பரையும் அன்றே மாற்றிவிடுங்கள்.

எங்கே இருக்கிறது என்று யாருக்கும் சொல்லாதது

பிரிட்டனில் 'தி சர்க்கிட்' என்ற தேசியப் பதிவேடு இருக்கிறது. 999-ஐ அழைத்தால் பக்கத்தில் எந்தக் கருவி இருக்கிறது என்று ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை அதைப் பார்த்துச் சொல்ல முடியும். அங்கேயும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பாதுகாவலர் நிலையைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே 108 சொல்லும் என்று காத்திருக்காமல் நாமே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. ஒரு தாளில் விவரம் எழுதி, உங்கள் பகுதி 108 ஊழியர்கள், ஆரம்ப சுகாதார நிலையம், கடலோரக் காவல் நிலையம் மூன்றுக்கும் கொடுங்கள்.

"பாம்பன் பாலம் அருகில்" என்பது முகவரி ஆகாது. "ஏலக்கூடம், வடக்கு வாசல், தராசுக்குப் பின்சுவர், தோள் உயரம்" என்று எழுதுங்கள். திறந்திருக்கும் நேரத்தை உள்ளபடி எழுதுங்கள். மாலை ஐந்து மணிக்குச் சாத்துகிற அலுவலகத்தில் வைத்துவிட்டு 24 மணி நேரமும் கிடைக்கும் என்று எழுதினால், விடியற்காலையில் படகு கரை சேரும்போது ஒருவர் பூட்டிய கதவுக்கு ஓடி வருவார்.

பூட்டுவது

வேண்டாம். திருட்டுப் பயம் இருந்தால் திறந்தவுடன் அலறுகிற பெட்டியாக வாங்குங்கள்.

சார்ஜர் தேடுவது

பொது இடத்தில் வைக்கும் பெரும்பாலான கருவிகளுக்குச் சார்ஜர் கிடையாது. பேட்டரி தீர்ந்தால் புதிதுதான் போட வேண்டும்.

கடலைப் பார்த்து மாட்டுவது

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மணலும் உப்பும் எல்லா இடுக்கிலும் புகும். இரும்புப் பெட்டியின் கீல் துருப்பிடித்து, அவசரத்துக்கு இழுத்தால் திறக்காது. காற்று நேரே படாத உட்சுவரில், துருப்பிடிக்காத பெட்டியில் மாட்டுங்கள். பல கருவிகளுக்கு 50 டிகிரி செல்சியஸ்தான் மேல் வரம்பு. தகரக் கூரைக்கு அடியிலோ, வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளோ வைத்தால் சித்திரை மாதத்தில் அதைத் தாண்டிவிடும். வாரம் ஒருமுறை பச்சை விளக்கு அல்லது சரிக்குறி தெரிகிறதா என்று பார்த்து, காய்ந்த துணியால் துடைத்து, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். மின்முனைகளில் எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டாம்.

துண்டு வைக்க மறப்பது

இந்தக் கரைக்கு இது மிக முக்கியம். அக்னி தீர்த்தத்தில் குளித்தவரோ, தேவிபட்டினத்தில் நவபாஷாணத்தைச் சுற்றி வந்தவரோ, கடலில் தவறி விழுந்தவரோ, யார் சாய்ந்தாலும் நெஞ்சு நனைந்திருக்கும். ஈரத்தில் பேட் ஒட்டாது. ஆளைத் தண்ணீரை விட்டு வெளியே இழுத்து, நெஞ்சைத் துடைத்த பிறகே ஒட்ட வேண்டும். கருவியோடு ஒரு காய்ந்த துண்டு, சவர பிளேடு, துணி வெட்டும் கத்தரிக்கோல், கையுறை நான்கும் இருக்கட்டும். மூழ்கியவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுப்பதும் நெஞ்சை அழுத்துவதும் கருவி வரும் வரை காத்திருக்கக்கூடாது.

செய்முறை காட்ட நிஜ பேடைப் பிரிப்பது

பிரித்த பேடைத் திரும்ப உறைக்குள் வைத்தாலும் அது போனது போனதுதான். பயிற்சிக்கென்று தனி பேட் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள். ஊர்ப் பயிற்சியையும் வருடாந்திரச் சரிபார்ப்பையும் அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

பயன்படுத்திய பிறகு அப்படியே மாட்டிவிடுவது

ஒருவருக்கு ஒட்டிய பேடை இன்னொருவருக்கு ஒட்ட முடியாது. மாற்று பேட் வந்து சேரும் வரை பெட்டியின் மேல் "இப்போது வேலை செய்யாது" என்று பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். தாள் கொடுத்த மூன்று இடங்களுக்கும் அன்றே போன் செய்து சொல்லுங்கள். கருவிக்குள் பதிவான இதயத்துடிப்பு விவரம் சிகிச்சை தரும் மருத்துவருக்குத் தேவைப்படலாம், கேட்டு எடுத்துக் கொடுக்கும் வரை அழிக்காதீர்கள்.