சாண்டா ஃபேக்கு முதல் பயணம்: திட்டமிடுவது எப்படி?

சாண்டா ஃபேக்கு முதல்முறை போனபோது, ஒரே நாளில் நான்கு அருங்காட்சியகம், ஒரு கேலரித் தெரு என்று எக்செல்லில் அட்டவணை போட்டுக்கொண்டு போனேன். மதியம் இரண்டு மணிக்குத் தலைவலி தாங்காமல் ஒரு மர நிழலில் உட்கார்ந்தவன்தான், அன்றைக்கு வேறெதுவும் பார்க்கவில்லை. ஊர் இருக்கும் உயரத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தின் தலைநகரான சாண்டா ஃபே, சாங்ரே டி கிறிஸ்டோ மலையடிவாரத்தில் சுமார் 2,190 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம். ஊட்டியில் ஓடியாடித் திரிந்தவர்கள், "இதென்ன பிரமாதம்" என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஊட்டியில் பனிமூட்டமும் ஈரமும் உண்டு. இங்கே அடிப்பது பாலைவனக் காற்று. வியர்வை வந்த சுவடே தெரியாமல் உலர்ந்துவிடுவதால், உடம்பில் தண்ணீர் குறைவது நமக்கு உறைக்காது. அதனால் கீழே சொல்லியிருக்கும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: உங்கள் பட்டியலை எழுதுங்கள், அப்புறம் அதைப் பாதியாக வெட்டுங்கள்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன் காலண்டரைப் பாருங்கள். இந்த ஊரில் எந்த வாரம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஊரே வேறாக இருக்கும்.

ஜூலையில் சர்வதேச நாட்டுப்புறக் கலைச் சந்தை நடக்கும். பல நாட்டுக் கைவினைஞர்கள் தாங்களே கடை போட்டு விற்கும் சந்தை இது, 2004-இல் தொடங்கியது. ஆகஸ்டில் 'இந்தியன் மார்க்கெட்'. இங்கே இந்தியன் என்றால் நாம் இல்லை, அமெரிக்கப் பழங்குடி மக்கள். 1922-இலிருந்து வரும் இந்தச் சந்தைக்காக ஊரின் நடுச்சதுக்கமும் சுற்றியுள்ள தெருக்களும் கடைகளால் நிரம்பிவிடும். அந்த வார இறுதியில் ஊருக்குள் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. மாதக்கணக்கில் முன்னதாகப் பதிவு செய்திருந்தால் மட்டும் போங்கள்.

ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ, அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறைக்கு (செப்டம்பரின் முதல் திங்கள்) முந்தைய வெள்ளிக்கிழமை, 'சோசோப்ரா' என்ற பிரம்மாண்டமான பொம்மையை எரிப்பார்கள். வில் ஷூஸ்டர் என்ற ஓவியர் 1924-இல் தொடங்கிவைத்த வழக்கம். மக்கள் தங்கள் மனக்குறைகளைத் தாளில் எழுதிக் கொடுக்க, அதுவும் பொம்மையோடு சேர்ந்து எரியும். நம்மூர் போகிக்கு ஐம்பதடி உயரத்தில் கை கால் முளைத்ததுபோல் இருக்கும்.

எந்தத் திருவிழாவும் வேண்டாம், ஊரை நிம்மதியாகப் பார்த்தால் போதும் என்றால் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை போங்கள். என் ஓட்டு இதற்குத்தான். மலைமேல் ஆஸ்பன் மரங்களின் இலைகள் மஞ்சளாகும் சமயம். ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் வெளியே சுற்றுவதைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் இடிமழை வாடிக்கை. டிசம்பரில் நல்ல குளிர். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு கேன்யன் ரோடு என்ற கேலரித் தெரு முழுக்கக் காகிதப் பைக்குள் மணல் போட்டு, அதில் மெழுகுவத்தி ஏற்றி வரிசையாக வைப்பார்கள். 'ஃபரோலிதோ' என்று பெயர். கார்த்திகை தீபம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அங்கிருந்து கிளம்ப மனம் வராது.

படி 2: போய்ச் சேருவது

பெரும்பாலானோர் அல்புகர்க்கி விமான நிலையத்தில்தான் இறங்குவார்கள். அங்கிருந்து சாண்டா ஃபே சுமார் 100 கிலோமீட்டர், காரில் ஒரு மணி நேரம். சாண்டா ஃபேயிலும் சிறிய விமான நிலையம் இருக்கிறது. டாலஸ், டென்வர் போன்ற சில ஊர்களிலிருந்து மட்டும் நேரடி விமானம் உண்டு.

கார் ஓட்ட விருப்பமில்லை என்றால் அல்புகர்க்கி நகர மையத்திலிருந்து 'ரயில் ரன்னர்' என்ற ரயிலில் வரலாம். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். வார இறுதியில் வண்டிகள் குறைவு, ஆகவே கால அட்டவணையைப் பார்த்துவிட்டு விமான டிக்கெட் எடுங்கள். ரயில் 'புவெப்லோ' எனப்படும் பழங்குடி ஊர்களின் நிலங்களைக் கடக்கும்போது படம் எடுக்க வேண்டாம் என்று அறிவிப்பு வரும். போனைப் பையில் வைத்துவிட்டு ஜன்னல் வழியே பாருங்கள்.

கார் வேண்டுமா, வேண்டாமா? ஊருக்குள் மட்டும் சுற்றுவதானால் வேண்டாம். படி 7-இல் சொல்லியிருக்கும் இடங்களில் ஒன்றையாவது பார்க்க ஆசைப்பட்டால், அந்த ஒரு நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள்.

படி 3: சதுக்கத்துக்குப் பக்கத்தில் தங்குங்கள்

'பிளாசா' என்று சொல்லும் நடுச்சதுக்கத்திலிருந்து பதினைந்து நிமிட நடைக்குள் அறை எடுங்கள். விலை கூடுதல்தான். ஆனால் மதியம் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் படுத்துவிட்டுத் திரும்பப் போக முடியும் என்பதற்காகவே அந்தக் காசைக் கொடுக்கலாம். செரியோஸ் ரோடு பக்கம் மலிவான விடுதிகள் நிறைய உண்டு. அங்கே தங்கினால் ஒவ்வொரு முறையும் பேருந்தோ காரோ தேவை.

படி 4: முதல் நாள் சும்மா இருங்கள்

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வந்து இறங்கிய அன்று அருங்காட்சியகம், மலை நடை எதுவும் வைக்காதீர்கள். தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு தாகம் எடுக்காவிட்டாலும் குடியுங்கள். மதுவைத் தொடுவதானால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். இந்த உயரத்தில் சீக்கிரம் தலைக்கேறும்.

சும்மா இருப்பது என்றால் அறைக்குள் அடைந்து கிடப்பது இல்லை. பிளாசாவைச் சுற்றி மெதுவாக நடந்து, சுவர்களைப் பாருங்கள். சுடாத மண்கல்லை அடுக்கி மேலே மண் பூசிக் கட்டும் முறைக்கு இங்கே 'அடோபி' என்று பெயர். மண் சுவர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தத் தடித்த சுவரும் உள்ளே இருக்கும் குளுமையும் உடனே பிடிபடும். ஊர் முழுக்க ஒரே மண் நிறத்தில் இருப்பது தற்செயல் அல்ல. பழைய நகரப் பகுதியில் கட்டடங்கள் இந்தப் பாணியில்தான் இருக்க வேண்டும் என்று 1957-இல் சட்டமே போட்டார்கள். அதனால் நீங்கள் பார்ப்பதில் பல, மரச்சட்டத்தின்மேல் மண் நிறப் பூச்சு பூசிய நவீனக் கட்டடங்கள். எது நிஜ அடோபி, எது வேஷம் என்று கண்டுபிடிப்பதே முதல் நாள் மாலைக்கு நல்ல பொழுதுபோக்கு. சன்னல் குழிவின் ஆழத்தைப் பாருங்கள், சுவரின் தடிமன் காட்டிக்கொடுத்துவிடும்.

சதுக்கத்தின் வடபக்கம் நீளமாக, தாழ்வாரத்தோடு இருப்பது ஆளுநர் மாளிகை. 1610-இல் ஸ்பானியர்கள் இந்த ஊரைத் தலைநகராக்கிய காலத்தைச் சேர்ந்தது. அந்தத் தாழ்வாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவோம்.

படி 5: கேலரிக்குள் தயங்காமல் நுழையுங்கள்

கேன்யன் ரோடு என்ற ஒற்றைத் தெருவில் மட்டும் 80-க்கும் மேற்பட்ட கலைக்கூடங்களும் கடைகளும் இருக்கின்றன. முதல்முறை போகிறவர்களுக்கு இங்கே ஒரு கூச்சம் வரும். ஓவியத்தின் விலைச்சீட்டில் ஐந்து இலக்கம் இருக்கும். உள்ளே போனால் வாங்கச் சொல்லிக் கழுத்தை நெரிப்பார்களோ என்று தோன்றும். அப்படியெல்லாம் இல்லை. நுழைவுக் கட்டணம் கிடையாது. வணக்கம் சொல்வார்கள், நீங்களும் சொல்லுங்கள். "சும்மா பார்க்க வந்தேன்" என்றால் போதும்.

போவதற்கு நல்ல நேரம் காலை பத்தரை. பெரும்பாலான கூடங்கள் மாலை ஐந்து மணிக்கே சாத்திவிடும். விதிவிலக்கு வெள்ளி மாலை. புதிய கண்காட்சிகள் பலவற்றை அன்றுதான் திறப்பார்கள், ஓவியரே வந்து நிற்பார். யாரிடமும் பேசக் கூச்சமாக இருந்தால் "இதை வரைய எவ்வளவு நாள் ஆனது?" என்று கேளுங்கள், மீதிப் பேச்சை அவர் பார்த்துக்கொள்வார்.

தெரு லேசாக மேட்டில் ஏறும். எண்பதையும் பார்க்க நினைக்காதீர்கள். வெளியே நின்று எட்டிப் பார்த்து, இழுக்கிற இடத்துக்குள் மட்டும் போங்கள். ஏழெட்டு இடம் பார்த்ததற்குப் பிறகு கண் எதையும் வாங்காது.

படி 6: அருங்காட்சியகம் இரண்டு போதும்

ஒன்று, மியூசியம் ஹில் என்ற பகுதியில் இருக்கும் சர்வதேச நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம். வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். அலெக்சாண்டர் ஜிரார்ட் என்ற வடிவமைப்பாளர் தன் வாழ்நாளில் சேர்த்த லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்களை இவர்களுக்குக் கொடுத்தார். அவற்றில் ஏறக்குறைய 10,000 பொருட்கள், 100-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தவை, ஒரே மண்டபத்தில் இருக்கின்றன. பொம்மைச் சந்தை, பொம்மைக் கல்யாணம், பொம்மை ஊர்வலம் என்று தனித்தனிக் காட்சிகளாக அவரே அடுக்கியவை. உள்ளே நுழைந்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: இது கொலு. படிகள் இல்லாத, உலகம் முழுவதையும் கூட்டிவைத்த கொலு. சுவரில் விளக்க அட்டை அதிகம் இருக்காது, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இந்தியப் பொம்மைகளும் உண்டு. 1955-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நடந்த இந்தியத் துணிகள், அணிகலன்கள் கண்காட்சியை வடிவமைத்தவரும் இதே ஜிரார்ட்தான். குழந்தைகளோடு போனால் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இரண்டாவது, ஜார்ஜியா ஓ'கீஃப் அருங்காட்சியகம். பூக்களையும் பாலைவன எலும்புகளையும் பெரிது பெரிதாக வரைந்த அந்த ஓவியர் 1949-இல் நியூ மெக்சிகோவுக்கே நிரந்தரமாக வந்துவிட்டார். நேரம் குறித்து முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். ஒரு மணி நேரம் போதும்.

பதின்ம வயதினர் கூட வந்தால் 'மியாவ் வுல்ஃப்' என்ற கலைக்குழுவின் கூடத்தையும் சேர்க்கலாம். பழைய பௌலிங் கூடம் ஒன்றுக்குள் 2016-இல் திறந்தது. ஒரு வீடு இருக்கும். அதன் குளிர்சாதனப்பெட்டிக் கதவைத் திறந்தால் வேறு உலகத்துக்கு வழி போகும். சத்தமும் வெளிச்சமும் அதிகம், எனக்கு அரை மணியில் போதும் என்றாகிவிட்டது. கூட வந்த பிள்ளைகளை வெளியே இழுத்துவர வேண்டியிருந்தது.

கோடையில் போனால் ஓர் இரவை ஓபரா என்ற இசை நாடகத்துக்கு வையுங்கள். பக்கவாட்டுச் சுவர்கள் இல்லாத அரங்கம். மேடைக்குப் பின்னால் சூரியன் மறைவதும் நிகழ்ச்சியில் சேர்த்திதான். வசனம் புரியாதே என்ற கவலை வேண்டாம், முன் இருக்கையின் முதுகில் ஆங்கில மொழிபெயர்ப்பு ஓடும். கம்பளி எடுத்துப் போங்கள்.

வாங்கும்போது

ஆளுநர் மாளிகைத் தாழ்வாரம் என்றேனே, அங்கே தினமும் பழங்குடிக் கலைஞர்கள் தரையில் துணி விரித்து வெள்ளி, நீலக்கல் நகைகளும் மண்பாண்டங்களும் விற்பார்கள். அவர்களோ அவர்கள் வீட்டாரோ செய்ததை மட்டுமே விற்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. பொருளில் செய்தவரின் குறி இருக்கும், கேட்டால் காட்டுவார்கள். சுற்றியுள்ள கடைகளில் மலிவாகக் கிடைப்பது எங்கோ இயந்திரத்தில் செய்ததாக இருக்கலாம், ஆகவே "யார் செய்தது?" என்று நேராகக் கேளுங்கள். பழங்குடியினர் செய்ததாகப் பொய் சொல்லி விற்பது 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

நம் பழக்கத்தில் பாதி விலைக்குக் கேட்கும் வேலையை இங்கே வைத்துக்கொள்ள வேண்டாம். படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

சாப்பாடு

"சிவப்பா, பச்சையா?" எந்த உணவகத்திலும் இதைக் கேட்பார்கள். மிளகாய்க் குழம்பைப் பற்றிய கேள்வி. மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வியே இதுதான் என்றால் நம்புவீர்களா? இரண்டும் வேண்டும் என்றால் "கிறிஸ்துமஸ்" என்று சொன்னால் போதும். காரத்துக்குப் பழகிய நாக்குக்கு இந்த ஊர் சொர்க்கம்.

சைவர்கள் கவனிக்க: பச்சை மிளகாய்க் குழம்பில் பன்றி இறைச்சி சேர்ப்பது சகஜம், பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வேகவைப்பதும் உண்டு. மிளகாய்க் குழம்புக்கும் பீன்ஸுக்கும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் 'சோபபீயா' வரும். உப்பலான பூரிதான், ஓரத்தைக் கிள்ளி உள்ளே தேன் ஊற்றிச் சாப்பிடுவார்கள்.

படி 7: ஒரு நாள் ஊருக்கு வெளியே

மூன்றாம் நாளுக்கு முன் வேண்டாம். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ஒரே நாளில் இரண்டு வைத்தால் காரிலேயே பொழுது போய்விடும்.

ஏணி ஏறத் தெம்பிருந்தால் பாண்டெலியர். மென்பாறை மலைமுகத்தைக் குடைந்து பழங்குடி முன்னோர்கள் வாழ்ந்த இடம், மர ஏணியில் ஏறி உள்ளே போகலாம். கோடையில் பகல் நேரத்தில் ஒயிட் ராக் என்ற ஊரில் காரை விட்டுவிட்டுப் பேருந்தில் போக வேண்டியிருக்கும்.

ஓவியத்தில் ஆர்வம் இருந்தால் அபிகியூ. ஓ'கீஃப் வாழ்ந்த வீட்டை வழிகாட்டியோடு பார்க்கலாம். முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள், குளிர்காலத்தில் கிடையாது. பக்கத்தில் கோஸ்ட் ராஞ்ச்; அவர் வரைந்த செம்மலைகள் அப்படியே நிற்கும்.

நிதானமான பயணம் பிடிக்கும் என்றால் மலைப்பாதை வழியே தாவோஸ் என்ற ஊர். வழியில் சிமாயோ என்ற சிற்றூரின் கோவிலில் ஒரு சிறு குழியிலிருந்து புனித மண்ணை எடுத்துப் போவார்கள். சங்கரன்கோவில் புற்றுமண் வாங்கிய கை தானாக நீளும். தாவோஸ் புவெப்லோவில் இன்றும் மக்கள் வசிக்கிறார்கள். சடங்கு நாட்களில் வெளியாட்களை விடமாட்டார்கள், கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் என்ன வைப்பது

பகலில் வெயில் சுடும், பொழுது சாய்ந்ததும் குளிரும், ஒரே நாளில் 15 டிகிரி இறங்கும். அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றும்படி மெல்லிய உடைகள், தொப்பி, வெயில் காப்புக் களிம்பு, உதட்டுக்குத் தைலம். உதடு வெடிக்கும், முதல் நாளிலிருந்தே தடவுங்கள். பழகிய செருப்பு அல்லது ஷூ. பழைய தெருக்களில் நடைபாதை ஏற்றத்தாழ்வாக இருக்கும். அப்புறம், பெட்டியில் கால்வாசி இடத்தைக் காலியாக விட்டுக் கிளம்புங்கள். மண்பாண்டம் வாங்கமாட்டேன் என்று சொல்லித்தான் நானும் போனேன். திரும்பும்போது இரண்டு பானைகளை ஸ்வெட்டருக்குள் சுற்றி, விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.